கையறுநிலைப் பாட்டை அலகிடுவது எப்படி? தகடூர்ப் பாட்டை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் யாப்பு பற்றிப் பேச உட்கார்ந்தால் பெரும்பாலும் இரண்டு வகையானவர்கள் வருவார்கள். தேர்வுக்காக அலகிட, அதாவது பாட்டை அசை, சீர் என்று பிரித்துக் கணக்கிட, கற்க வேண்டிய கல்லூரி மாணவர்கள் ஒரு பக்கம். வீட்டில் ஒருவர் தவறிப்போய், காரியத்துக்கு அச்சடிக்கும் நினைவு அட்டையில் போட இரண்டு வரி எழுதிக்கொண்டு, இது சரியாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: துக்கத்தைச் சொல்லும் பாட்டில் இந்த அசை, சீர், எதுகை எல்லாம் என்ன வேலை செய்கின்றன? அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் கீழே தருகிறேன்.

எந்தப் பாட்டை வைத்துப் பழகலாம்?

நம் ஊர்க்காரர்கள் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 231, 232, 235 ஆகிய எண்களில் இருக்கின்றன. மூன்றும் கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்து வருந்திப் பாடியவை. பழகுவதற்கு 232 மிகவும் நல்லது. ஆறே அடி, இலக்கணத்தில் கேட்கப்படும் ஏறக்குறைய எல்லாமும் அதற்குள் வந்துவிடுகிறது.

இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே
நடுகல் பீலி சூட்டி நாரரி
சிறுகலத் துகுப்பவும் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே

பொருள் இதுதான். காலையும் மாலையும் இனி இல்லாமல் போகட்டும். நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றினால் அவன் ஏற்றுக்கொள்வானா? சிகரம் உயர்ந்த மலையோடு கூடிய நாட்டையே சேர்த்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன் ஆயிற்றே!

கையறுநிலை என்பது ஒரு பாவகையா?

இல்லை. அது ஒரு துறை, அதாவது பாட்டு எந்தச் சூழலில் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதன் பெயர். எந்தப் பாவிலும் கையறுநிலை பாடலாம். சங்க காலத்தில் பெரும்பாலும் ஆசிரியப்பாவில் பாடினார்கள். பிற்காலத்து இரங்கற்பாக்களும் சரமகவிகளும் வெண்பாவிலும் விருத்தத்திலும் கட்டளைக் கலித்துறையிலும் வந்தன.

பழைய கிரேக்கத்தில் நிலைமை வேறு. அங்கே எலிஜி என்பது முதலில் ஒரு யாப்பின் பெயர்: ஆறு சீர் அடி ஒன்று, அதைவிடக் குறுகிய ஐந்து சீர் அடி ஒன்று, இரண்டும் சேர்ந்து ஓர் இணை. அந்த யாப்பில் காதலும் பாடினார்கள், போரும் பாடினார்கள். எனவே ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் எலிஜிக்கு நேரான தமிழ் யாப்பு எது என்று கேட்டால், அப்படி ஒன்று கிடையாது என்பதே பதில்.

புத்தகத்தில் பார்த்தபடியே அலகிட்டேன். சீர்க்கணக்கு வரவில்லை. ஏன்?

இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். இன்றைய பதிப்புகள் பல, வாசிப்பவருக்குப் புரியட்டும் என்று சந்தியைப் பிரித்து அச்சிடுகின்றன. ஐந்தாம் அடியை 'கோடு உயர் பிறங்கு மலை கெழீஇய' என்று போட்டிருப்பார்கள். எண்ணினால் ஐந்து சொல். ஐந்து சீர் என்று எழுதிவிட்டால் பாவகையே தவறிப்போகும். அங்கே இருப்பவை மூன்று சீர்கள்தான்: கோடுயர், பிறங்குமலை, கெழீஇய. 'நாடு உடன்' என்பதும் இப்படித்தான். கோடு என்பதன் கடைசி உகரம் அடுத்த உயிர் வந்ததும் போய்விடுகிறது. போன எழுத்தை வைத்துக்கொண்டு அசை எண்ணக் கூடாது.

அதனால் முதல் வேலை அலகிடுவது அல்ல. சொற்களைச் சேர்த்து, வாய்விட்டு இரண்டு மூன்று முறை படியுங்கள். நாக்கு எங்கே நிற்கிறது என்று கவனித்து, அந்த இடத்தில் கோடு போடுங்கள். அசை எண்ணுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். சீர்பிரித்து அச்சான பழைய பதிப்பு ஒன்றும், பொருளுக்காகச் சொல்பிரித்த புதிய பதிப்பு ஒன்றும் பக்கத்தில் இருந்தால் வேலை எளிது.

அசை பிரிக்கும் விதி மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு குறில் தனித்து நின்றாலும் ஒற்றோடு வந்தாலும் நேர். ஒரு நெடிலுக்கும் அதே விதி. இரண்டு குறில் இணைந்தாலோ, குறிலும் நெடிலும் இணைந்தாலோ நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். பள்ளியில் குறளை அலகிட்டவர்களுக்கு இது போதும்.

சரி, ஆறு அடியையும் அலகிட்டால் என்ன கிடைக்கிறது?

இல்லா, கியரோ, காலை, மாலை: தேமா, புளிமா, தேமா, தேமா.
அல்லா, கியர்யான், வாழும், நாளே: தேமா, புளிமா, தேமா, தேமா.
நடுகல், பீலி, சூட்டி, நாரரி: புளிமா, தேமா, தேமா, கூவிளம்.
சிறுகலத், துகுப்பவும், கொள்வன், கொல்லோ: கருவிளம், கருவிளம், தேமா, தேமா.
கோடுயர், பிறங்குமலை, கெழீஇய: கூவிளம், கருவிளங்காய், கருவிளம்.
நாடுடன், கொடுப்பவும், கொள்ளா, தோனே: கூவிளம், கருவிளம், தேமா, தேமா.

மொத்தம் 23 சீர். அதில் 12 தேமா. 'கெழீஇய' என்பதில் வரும் இகரத்தை அளபெடைக் குறி என்று தள்ளிவிடாதீர்கள். அது ஒலிக்கிறது. கெழீ, இய என்று இரண்டு நிரையாகவே பிரிய வேண்டும்.

முதல் இரண்டு அடியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வாய்பாடு அச்சு மாறாமல் ஒன்றே. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

'கியரோ', 'தோனே' என்றெல்லாம் சொல்லே கிடையாதே. இப்படிப் பிரிக்கலாமா?

பிரிக்கலாம். வகையுளி என்று பெயர். சீர் என்பது ஓசையின் கூறு. சொல்லின் எல்லையும் சீரின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'கொள்ளாதோனே' ஒரு சொல், ஆனால் இரண்டு சீர். எழுதும்போது மட்டும் வகையுளியைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். படிப்பவர் சொல்லைத் தேடி அலையும்படி ஆகிவிட்டால் துக்கம் நின்றுவிடும்.

இடையில் வெண்டளை வருகிறதே. இதை ஆசிரியப்பா என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை. வெண்பாவில் வேற்றுத்தளை ஒன்றுகூட வரக் கூடாது. ஆசிரியப்பா அவ்வளவு கறார் கிடையாது. ஆசிரியத்தளை மிகுந்து வர, பிற தளைகளும் ஊடே வரலாம். இந்தப் பாட்டில் சீருக்குச் சீர் 22 இணைப்புகள். நேரொன்றாசிரியத்தளை 11, நிரையொன்றாசிரியத்தளை 4, இயற்சீர் வெண்டளை 6, கலித்தளை 1. ஆக 15 ஆசிரியத்தளை. ஓசை ஆசிரியப்பாவுக்குரிய அகவலோசைதான் என்பதில் சந்தேகமே இல்லை.

அடுத்த சான்று முடிவு. 'கொள்ளாதோனே' என்று ஏகாரத்தில் முடிகிறது. மூன்றாவது சான்று, எனக்கு மிகவும் பிடித்தது, ஈற்றயலடி. மற்ற அடிகள் எல்லாம் நாற்சீர். கடைசிக்கு முந்தைய அடி மட்டும் முச்சீர். ஆகவே இது நேரிசை ஆசிரியப்பா. தேர்வில் இந்தக் கடைசிக் காரணத்தை எழுதாமல் வெறுமனே 'ஆசிரியப்பா' என்று நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிப் பதில்தான்.

'பிறங்குமலை' காய்ச்சீர் ஆயிற்றே. ஔவையார் தவறினாரா?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. கேட்டவர் சரியாக அலகிட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு பதில்கள் உண்டு. எளிய பதில்: ஆசிரியப்பாவில் ஈரசைச் சீர்களே மிகுதி, ஆனால் காய்ச்சீர் அருகி வரலாம். ஆழமான பதிலுக்கு நாம் எந்த அளவுகோலைப் பிடித்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நாம் பள்ளியில் கற்ற முறை அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வழி வந்தது. அந்த நூல் சங்கப் பாட்டுகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. தொல்காப்பியச் செய்யுளியலில் நேர், நிரை தவிர நேர்பு, நிரைபு என்று இன்னும் இரண்டு அசைகள் இருக்கின்றன. நேரசையையோ நிரையசையையோ தொடர்ந்து ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொண்டால் அதுவும் சேர்ந்து ஒரே அசை. அப்படிப் பார்த்தால் 'பிறங்கு' முழுவதும் ஒரு நிரைபு. 'மலை' ஒரு நிரை. இரண்டே அசை கொண்ட சீர்! நிரையில் முடிந்து, அடுத்த சீர் 'கெழீ' என்று நிரையில் தொடங்குகிறது. கலித்தளை என்று நாம் குறித்த அந்த ஒற்றை இடமும் காதில் இடறாமல் ஓடுவதன் காரணம் இதுதான்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'பிறங்கு' என்பதன் கடைசி உகரம் முழுதாக ஒலிக்காது, கரைந்துபோகும். தொல்காப்பியர் காதால் கேட்டு விதி சொல்லியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்த இரண்டு அசைகளையும் வெண்பாவின் கடைசிச் சீருக்கு மட்டும் 'காசு', 'பிறப்பு' என்று வைத்துக்கொண்டார்கள். சங்கப் பாட்டை அலகிடும்போது இரண்டு முறையிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். தேர்வில் காரிகை முறையே எழுதுங்கள், ஆனால் இது தெரிந்திருக்கட்டும்.

எதுகை மோனை எங்கெங்கே இருக்கிறது?

அடியெதுகையை முதலில் பார்ப்போம். அடியின் முதல் சீரில் இரண்டாம் எழுத்து ஒத்து வரவேண்டும், முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 'இல்லா', 'அல்லா': லகர ஒற்று. சுத்தமான எதுகை. 'கோடுயர்', 'நாடுடன்': டு. இதுவும் சுத்தம்.

நடு இரண்டு அடிகளில் மாணவர்கள் "எதுகை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 'நடுகல்', 'சிறுகலம்': இரண்டாம் எழுத்து டு, று. எழுத்து வேறு, ஆனால் இரண்டிலும் உகரம் இருக்கிறது. எனவே உயிரெதுகை. டகரமும் றகரமும் வல்லினம் என்பதால் இன எதுகையும் ஆகும். மூன்றாம் எழுத்தைப் பாருங்கள்: நடுகல், சிறுகலத்து. இரண்டிலும் ககரம். மூன்றாமெழுத்தொன்றெதுகை என்று இதற்குத் தனிப்பெயரே உண்டு. முழு எதுகையாக மோதாமல், 'நடுகல்' என்பதன் மீதி ஓசையாகச் 'சிறுகலம்' வந்து ஒலிக்கிறது. கல்லையும் அதன் முன் வைத்த கலத்தையும் ஓசையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது.

அடிக்குள் வருபவை: முதலடியில் 'காலை மாலை' மூன்றாம் நான்காம் சீர்களில் எதுகை. நான்காம் அடியில் 'கொள்வன் கொல்லோ', ஆறாம் அடியில் 'கொடுப்பவும் கொள்ளா' என்று மோனை. முதல் சீரில் தொடங்கி மூன்றாம் சீரில் விழும் பொழிப்பு மோனை, நான்காம் சீரில் விழும் ஒரூஉ மோனை என்று தேடினால் இந்தப் பாட்டில் அதிகம் சிக்காது. சங்கப் பாட்டுக்கு மோனை கட்டாயம் இல்லை. வருகிற இடத்தில் வருகிறது.

எதுகை இரண்டிரண்டு அடியாகத்தான் வர வேண்டுமா?

தேவையில்லை. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய புறநானூறு 112-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலடி 'அற்றைத் திங்கள்', மூன்றாம் அடி 'இற்றைத் திங்கள்'. ஓர் அடியைத் தாண்டி எதுகை விழுகிறது. அந்த இரண்டு அடிக்கும் வாய்பாடும் ஒன்றே. போன மாத நிலவும் இந்த மாத நிலவும் ஒரே ஓசையில் வருகின்றன. மாறிப்போனது அவர்கள் வாழ்க்கை மட்டும்.

இந்தக் கணக்குக்கும் துக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? பாட்டைக் கூறுபோடுவதாக ஆகாதா?

பாட்டைப் படித்து அழுதவர் அதற்குப் பிறகு அலகிடட்டும். எந்தச் சொல் தன்னை அழவைத்தது என்று அப்போது தெரியும்.

முதல் இரண்டு அடிக்கு வருவோம். 'இல்லா கியரோ', 'அல்லா கியர்யான்'. ஒரே வாய்பாடு, ஒரே எதுகை, ஒரே வேண்டுதல். இரண்டாம் சீரின் கடைசி அசையில் மட்டும் ஒரு மாற்றம். முதலடியில் அந்த இடத்தில் ஓகாரம் நிற்கிறது, வெறும் புலம்பல். இரண்டாம் அடியில் அதே இடத்தில் 'யான்' வந்து உட்காருகிறது. காலையும் மாலையும் அழியட்டும் என்று உலகத்தைச் சபித்த குரல், அதே மூச்சில் தன் நாளையும் சபிக்கிறது. இரண்டையும் ஒரே எடையில் நிறுத்தியிருக்கிறது யாப்பு.

அடுத்து நான்காம் அடியும் ஆறாம் அடியும். 'சிறுகலத் துகுப்பவும் கொள்வன் கொல்லோ', 'நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே'. கடைசி மூன்று சீர்களின் வாய்பாடு ஒன்றே: கருவிளம், தேமா, தேமா. 'உகுப்பவும்' நின்ற அதே சீரில் 'கொடுப்பவும்' நிற்கிறது. 'கொள்வன்' நின்ற இடத்தில் 'கொள்ளா' நிற்கிறது. ஒரு பக்கம் சின்னக் கலத்துக் கள், இன்னொரு பக்கம் மலையோடு சேர்ந்த நாடு. நாட்டையே வேண்டாம் என்றவனுக்கு இதைப் போய் ஊற்றுகிறோமே என்ற கூச்சமும் தவிப்பும் அந்த ஒரே ஓசைக்குள் இருக்கின்றன. பொருளை மட்டும் உரைநடையில் சொன்னால் இந்த ஒப்பீடு தெரியும், ஆனால் உறைக்காது.

ஐந்தாம் அடி குறுகியிருப்பதைத் துக்கத்தால் குரல் தடைப்பட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. நேரிசை ஆசிரியப்பா எல்லாவற்றிலும் ஈற்றயலடி முச்சீர்தான், மகிழ்ச்சியைப் பாடினாலும் அப்படித்தான். பாவின் பொது விதியைக் கவிஞரின் கண்ணீராக எண்ணக் கூடாது. ஆனால் அந்தக் குறுகிய அடியில் எதை வைத்தார் என்பது கவிஞரின் தேர்வு. பாட்டிலேயே தேமா ஒன்றுகூட வராத அடி அதுதான். உயர்ந்த மலையை, நிரையசை நிறைந்த கனத்த சீர்களால் அங்கே நிறுத்தியிருக்கிறார்.

235-ஆம் பாட்டில் அடிகள் ஒழுங்காகவே இல்லையே?

'சிறியகட் பெறினே யெமக்கீயு மன்னே' என்று தொடங்கும் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், அது போயிற்றே என்பது பொருள். முதலடி நான்கு சீர். அடுத்த அடி 'பெரியகட் பெறினே', இரண்டே சீர். அப்புறம் ஐந்து சீர் அடிகள். 232-இல் இருந்த கட்டுப்பாடு இங்கே இல்லை.

'மன்னே' என்ற சொல்லைப் பின்தொடருங்கள். ஏழு முறை வருகிறது, ஏழும் அடியின் கடைசியில். இயைபு என்றே கொள்ளலாம். 'மன்' என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு ஒரு பொருள் என்கிறது தொல்காப்பியம்: முன்பு இருந்தது, இப்போது இல்லை. ஐந்து அடிகளில் அந்த 'மன்னே'யை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். சரியாக நாற்சீர் அடி மிஞ்சும். 'சிறுசோற் றானு நனிபல கலத்தன்' என்பதோடு அடி நிறைந்துவிடுகிறது. அவனுடைய குணத்தைச் சொல்லி முடித்தாயிற்று. நிறைந்த அடிக்கு வெளியே ஐந்தாவது சீராக 'மன்னே' வந்து, சொன்னதெல்லாம் போய்விட்டது என்கிறது. புறநானூற்றில் இதைவிட வலிக்கிற ஓசை எனக்குத் தெரிந்து இல்லை.

இதே பாட்டில் 'என்பொடு', 'அம்பொடு' என்பது மெல்லின எதுகை. 'இரப்போர்', 'புரப்போர்' என்பது நேரான எதுகை. மற்றதை நீங்களே எடுக்கலாம்.

'சிறிய', 'பெரிய' எதுகைதானே?

இலக்கணப்படி றகரம் வேறு, ரகரம் வேறு. இரண்டாம் எழுத்தில் இகரம் மட்டும் ஒத்திருப்பதால் உயிரெதுகை என்று எழுத வேண்டும். நம் பக்கத்துப் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் நம் காதுக்கு அது முழு எதுகையாகக் கேட்கிறது. சங்க காலத்தவர் காதுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இன்று எழுதுகிறவர்களும் 'கரை', 'கறை' என்று இரண்டையும் எதுகையாகக் கட்டும் முன் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் நடுகற்களில் உள்ள எழுத்தையும் அலகிடலாமா?

தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைப் பார்க்கலாம். ஊர்ப்புறங்களிலும் நிறைய நிற்கின்றன. எழுத்துள்ள கற்களில் பெரும்பாலும் அரசன் பெயர், ஆட்சியாண்டு, யாருடைய ஆள், தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. அது உரைநடை, அலகிட எதுவும் இல்லை. பாட்டில் வரும் பீலி சூட்டிய கல் எப்படி இருந்திருக்கும் என்று மனதில் வாங்கிக்கொள்ள மட்டும் போய்ப் பாருங்கள்.

ஒப்பாரிக்கு யாப்பு உண்டா?

உண்டு, ஆனால் காரிகை முறையில் அளந்தால் தப்பாக வரும். பாடுகிறவர் குறிலை நீட்டுவார், நெடிலைச் சுருக்குவார். இழுப்புதான் அங்கே அளவு. எழுதிவைத்த சொல்லை அலகிடாமல், பாடும்போது எங்கே மூச்சு வாங்குகிறார், ஓர் இழுப்புக்குள் எத்தனை அழுத்தம் விழுகிறது என்று எண்ணுங்கள். ஒப்பாரி நடையில் நான் எழுதிக் காட்டும் இரண்டு அடி:

ஏரிக்கரை ஓரத்திலே எட்டிப்பாத்து நின்னேனே
மாரிமழை பெஞ்சும்கூட மண்ணுகாஞ்சு போனதென்ன

அடிக்கு நான்கு அழுத்தம். 'ஏரி', 'மாரி' எதுகை. 'ஏரி, எட்டி', 'மாரி, மண்ணு' மோனை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் இதைவிட நுட்பமாகக் கட்டுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. அந்த மொழிச் செய்யுளிலும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதுதான் பெரிய விஷயம், பிராசம் என்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எதுகையை விளக்குவது இதனால் எனக்கு எளிதாகவே இருக்கிறது.

அலகிட மென்பொருள் இருக்கிறதே. அது போதாதா?

அவலோகிதம் போன்ற மென்பொருள் அசை, சீர், தளை பிரித்துக் காட்டும். நீங்கள் போட்ட கணக்கைச் சரிபார்க்க நல்லது. ஆனால் சந்தி பிரித்த பாட்டை அப்படியே ஒட்டினால் தப்பான விடைதான் வரும். மேலும் நான் சொன்ன நிரைபு, நடுகல்லுக்கும் சிறுகலத்துக்கும் உள்ள உறவு, 'மன்னே' அடிக்கு வெளியே நிற்பது, இவையெல்லாம் உங்கள் காதில்தான் விழ வேண்டும்.

தாத்தாவுக்கு ஒரு குறள் வெண்பா எழுத நினைக்கிறேன். எப்படிச் சரிபார்ப்பது?

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். முதலில் மனதில் வந்தபடி எழுதுகிறோம்:

மாங்கன்று நட்டு மறைந்து போனாயே

காய் முன் நேர்: மாங்கன்று, நட்டு. சரி. மா முன் நிரை: நட்டு, மறைந்து. சரி. மறைந்து, போனாயே: மா முன் நேர். இங்கே ஆசிரியத்தளை வந்து வெண்பா உடைகிறது. வகையுளி செய்து 'மறைந்துபோ னாயே' என்று மாற்றினால் அந்த இடம் சரியாகும்: விளம் முன் நேர். ஆனால் 'னாயே' தேமா. அடுத்த அடி நிரையில்தான் தொடங்க வேண்டும். 'தீங்கனியை' என்று நேரில் தொடங்கினால் அங்கே உடையும். வெண்பாவில் ஒரு சீரைத் தொட்டால் அடுத்ததையும் தொட்டாக வேண்டும். அதனால் அடியையே மாற்றுகிறோம்:

மாங்கன்று நட்டுவைத்து மண்ணுக்குள் போனாயே
தீங்கனியைத் தின்பார்யார் சொல்

முதல் ஆறு சீரும் காய், ஏழாவதான 'சொல்' என்பது 'நாள்' என்னும் வாய்பாட்டில் வரும் ஓரசைச் சீர். காய் முன் நேர் என்று எல்லா இடத்திலும் வெண்சீர் வெண்டளை. 'மாங்', 'தீங்' எதுகை. முதலடியில் 'மாங்', 'மண்' பொழிப்பு மோனை. இரண்டாம் அடியில் 'தீங்', 'தின்' இணை மோனை.

கடைசியில் 'சொல்' என்பதற்குப் பதிலாகச் 'செப்பு' என்று போட்டால் இன்னொரு மோனையும் கிடைக்கும். தகரத்துக்குச் சகரம் மோனை, ஈகாரத்துக்கு எகரம் மோனை. காசு வாய்பாடும் பொருந்தும். இலக்கணம் இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. நான் 'சொல்' என்பதையே வைப்பேன். இறந்த தாத்தாவிடம் எந்தப் பேரனும் 'செப்பு' என்று கேட்க மாட்டான். நினைவு அட்டையில் வரும் பல வெண்பாக்கள் இலக்கணத்தில் தேறி, மோனைக்காக இழுத்துவந்த ஒரு சொல்லால் உயிரற்றுப் போகின்றன. எதுகைக்காகச் சொல்லை மாற்றலாம், ஆனால் இறந்தவரோடு நீங்கள் பேசிய பேச்சு அதில் கெடாமல் இருக்க வேண்டும்.

இரங்கலுக்கு எந்தப் பா ஏற்றது?

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஆசிரியப்பாவைச் சொல்வேன். பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, தளை தவறினாலும் இடம் கொடுக்கிறது. நான்கு வரிக்குள் முடிக்க வேண்டும், எல்லோர் வாயிலும் நிற்க வேண்டும் என்றால் வெண்பா. பாடப்போகிறீர்கள் என்றால் விருத்தம்.

அடுத்து எந்தப் பாட்டை அலகிடுவது?

புறநானூறு 231. அதியமானின் ஈமத்தீயைப் பார்த்துப் பாடியது.

எறிபுனக் குறவன் குறைய லன்ன
கரிபுற விறகி னீம வொள்ளழல்
குறுகினுங் குறுகுக குறுகாது சென்று
விசும்புற நீளினு நீள்க பசுங்கதிர்த்
திங்க ளன்ன வெண்குடை
ஒண்ஞாயி றன்னோன் புகழ்மா யலவே

கொல்லைக்காட்டில் குறவன் வெட்டிய துண்டுகள் போன்ற கருகிய விறகில் எரியும் தீ, உடலை நெருங்கினாலும் நெருங்கட்டும், நெருங்காமல் வானம் வரை நீண்டாலும் நீளட்டும். நிலவு போன்ற குடையையுடைய, சூரியன் போன்றவனின் புகழ் மாயாது என்கிறது.

நான்கு இடங்களைக் கவனியுங்கள். 'எறிபுன', 'கரிபுற': இரண்டாம் எழுத்தில் உயிரெதுகை, மூன்றாம் எழுத்து ஒன்றே. 232-இல் நடுகல்லிலும் சிறுகலத்திலும் பார்த்த அதே முறை. மூன்றாம் அடியில் முதல் மூன்று சீரும் 'குறு' என்றே தொடங்குவதால் கூழை. நான்காம் அடியில் 'விசும்பு', 'பசுங்கதிர்' முதல் சீரிலும் நான்காம் சீரிலும் சுகரம் ஒத்து ஒரூஉ எதுகை. 'திங்கள்', 'ஒண்ஞாயிறு' என்னும் கடைசி இரண்டு அடிகளில் ஙகரமும் ணகரமும் சேர்ந்து மெல்லின எதுகை. 'குறுகாது' என்ற சீரைக் காரிகை முறையில் ஒருமுறையும் தொல்காப்பிய முறையில் ஒருமுறையும் பிரித்துப் பாருங்கள். முதல் முறையில் புளிமாங்காய் வரும். இரண்டாம் முறையில் 'காது' நேர்பு ஆகி, நிரை நேர்பு என்று இரண்டே அசை வரும்.